சனிக்கிழமை வேலை நாளா?

போன மாதம், முன்பு என் டீமில் இருந்த தம்பி ஒருவன் போன் செய்தான். வெளிநாட்டு மென்பொருள் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தான். "அண்ணா, மேலே ரிமோட் வேலைன்னு போட்டிருக்காங்க. கீழே வந்தா எங்க நாட்டுக்குள்ள இருக்கறவங்க மட்டும் அப்ளை பண்ணுங்கன்னு இருக்கு. வீட்டுல உட்கார்ந்துதானே வேலை செய்யப் போறாங்க, அந்த வீடு எங்க இருந்தா என்ன? அதே வேலையை மூணுல ஒரு பங்கு சம்பளத்துக்கு நான் செய்யறேன். ஏன் வேண்டாங்கறாங்க? நம்ம மேல நம்பிக்கை இல்லையா?"

போனில் நான் சொன்னது அரைகுறையான பதில். அதன்பிறகு பல நாட்கள் அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒன்பது வருடம் ஆஃப்ஷோரிலும் (வெளிநாட்டு கிளையண்டுக்கு இந்தியாவிலிருந்தே வேலை செய்வது) மூன்று வருடம் ஆன்சைட்டிலும் (கிளையண்டின் இடத்துக்கே போய் வேலை செய்வது) இருந்தவன். இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் அவனுக்கு முழுதாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது திறமை பற்றிய விஷயம் இல்லை. நான் பார்த்த மிகச் சிறந்த புரோகிராமர்களில் பாதிப் பேர் ஆஃப்ஷோரில்தான் இருந்தார்கள், இன்னமும் இருக்கிறார்கள். என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தை எழுதிய குழுக்களை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே இடத்தில் இருந்தவர்கள் எழுதிய பகுதிகளையும் பல இடங்களில் சிதறி இருந்தவர்கள் எழுதிய பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். வெளியீட்டுக்குப் பிறகு வந்த பழுதுகளில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தச் சிதறிய குழுக்கள் எல்லாம் ஒரே நிறுவனத்துக்குள், ஒரே கருவிகளோடு, ஒரே தலைமையின் கீழ் இருந்தவை. இந்த 'ஆனால்' முக்கியம், பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

ஆஃப்ஷோரில் என் நான்காவது வருடம். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு கிளெய்ம் (இழப்பீட்டு விண்ணப்பம்) செயலி எழுதிக்கொண்டிருந்தோம். விண்ணப்பம் வந்து ஐந்து வேலை நாட்களுக்குள் முதல் பதில் போயாக வேண்டும், போகவில்லை என்றால் மேலாளருக்கு எச்சரிக்கை போக வேண்டும். ஸ்பெக்கில், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தந்த ஆவணத்தில், இருந்தது அவ்வளவுதான். டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், "சனிக்கிழமை வேலை நாளா?" என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. அன்று வியாழன் மாலை. நான் அதை எங்கள் குழுத் தலைவரான லீடுக்கு அனுப்பினேன். அவர் வெள்ளிக்கிழமை ஸ்டேட்டஸ் போன் கூட்டத்தில் ஆன்சைட் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னார். அவர் கிளையண்ட் பக்கத்து அனலிஸ்டுக்கு மெயில் போட்டார். அனலிஸ்ட் திங்கள் காலை, அதாவது எங்களுக்குத் திங்கள் இரவு, "வேலை நாள் என்றால் வழக்கமான வேலை நாள்தான்" என்று ஒரு வரி எழுதினார். நான்கு நாள் போய்விட்டது, நான்கு பேர் கை மாறியது, பதில் வந்தும் பயன் இல்லை. திரும்பக் கேட்கலாம். ஆனால் ரிலீஸ் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, திரும்பக் கேட்டால் இன்னும் நான்கு நாள் போகும். திங்கள் முதல் வெள்ளி என்று வைத்துக்கொண்டு எழுதினோம்.

அவர்களுடைய கிளைகள் சனிக்கிழமை மதியம் வரை திறந்திருக்கும். அங்கே வேலை செய்யும் யாரைக் கேட்டிருந்தாலும் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். எச்சரிக்கைகள் எல்லாம் ஒரு நாள் தள்ளிப் போயின. கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. திருத்துவதற்கு மூன்று வாரம், ஏனென்றால் தேதிக் கணக்கு அதற்குள் பதினெட்டு இடங்களில் புகுந்துவிட்டது.

அந்தத் தவறைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அந்தப் பெண் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. கேட்டால் நான்கு நாள், ஊகித்தால் அரை மணி நேரம், இதைப் புரிந்துகொண்டாள், அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஆகிப்போயிருந்தோம்.

உள்ளூரில் ஆள் எடுப்பதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். தூரம் கூடக்கூட ஒரு கேள்விக்கு ஆகும் செலவு கூடுகிறது. செலவு கூடினால் கேள்விகள் குறைகின்றன. கேள்வி குறைந்த இடத்தில் ஊகம் வந்து உட்காருகிறது. ஒரு நாளில் கோடு (புரோகிராம் வரிகள்) தட்டுவதற்கு ஆகும் நேரம் உண்மையில் கொஞ்சம்தான். மீதி நேரம் முழுக்க எதைத் தட்டுவது என்று தெரிந்துகொள்வதில் போகிறது. சம்பளத்தை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் அந்தக் கொஞ்ச நேரத்தின் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

நேரக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கோடை காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் காலை 9 மணி என்றால் இந்தியாவில் இரவு 9:30. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள், நாம் திருப்ப மாட்டோம், அப்போது இரவு 10:30. இரு பக்கமும் இயல்பான வேலை நேரம் பார்த்தால் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து வராது. நியூயார்க் கொஞ்சம் பரவாயில்லை, அவர்களுடைய காலை 9 மணி நமக்கு மாலை 6:30 அல்லது 7:30. அப்போதும் ஒருவர் கிளம்பும் நேரத்தில்தான் மற்றவர் வந்து உட்காருகிறார். ஆகவே யாரோ ஒருவர் தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அது எப்போதும் நாங்கள்தான். இரவு பதினோரு மணிக்கு போன் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சனிக்கிழமை பற்றிய சின்னக் கேள்வியைக் கேட்க மாட்டார். எப்போது முடியும், எப்போது தூங்கப் போகலாம் என்றுதான் பார்ப்பார். அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மாக்கஸ் என்ற இருவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இடத்தில் முடிந்துவிடும் மாற்றத்தைவிட, பல இடங்களில் இருப்பவர்கள் கைவைக்க வேண்டிய அதே போன்ற மாற்றம் முடிய ஏறத்தாழ இரண்டரை மடங்கு காலம் எடுக்கிறது என்று கண்டார்கள். கூடுதலான ஆட்கள் அதற்குள் வர வேண்டியிருப்பதே இந்தத் தாமதத்தோடு வலுவாகச் சேர்ந்து வந்தது. படித்ததும் எனக்கு எங்கள் நான்கு பேர் சங்கிலிதான் ஞாபகம் வந்தது. அந்தச் சங்கிலியில் யாரும் சோம்பேறி இல்லை, ஒவ்வொருவரும் தன் பகுதியை அன்றன்றைக்கே செய்தார்கள்.

"எல்லாவற்றையும் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். நல்ல ஸ்பெக் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று. டென்மார்க்கைச் சேர்ந்த கணினி விஞ்ஞானி பீட்டர் நார் 1985-லேயே இதற்கு ஒரு பதில் எழுதிவிட்டார். புரோகிராம் என்பது கோடும் ஆவணமும் மட்டும் அல்ல, அதை எழுதியவர்கள் மனதில் உருவாகும் ஒரு புரிதல்தான் முக்கியம், அந்தப் புரிதலை ஆவணத்தில் முழுமையாக இறக்கிவைக்க முடியாது, அந்தக் குழு கலைந்தால் புரோகிராமும் உயிரிழக்கிறது என்பது அவர் வாதம்.

கேடி (knowledge transfer, விலகுகிறவர் தனக்குத் தெரிந்ததைக் கைமாற்றிக் கொடுப்பது) செஷனில் உட்கார்ந்தவர்களுக்கு இது உடம்பால் தெரியும். ஆறு வருடம் ஒரு செயலியோடு வாழ்ந்தவரை இரண்டு வாரத்துக்கு உட்காரவைத்து, ஸ்கிரீனை ரெக்கார்ட் செய்து, ஒரு எக்செல் தாளில் டிக் போட்டு, "கேடி முடிந்தது" என்று கையெழுத்து வாங்குவோம். அவர் போன மறுவாரம் தானாக ஓடும் பேட்ச் ஜாப் ஒன்று நின்றுபோகும், ஏன் அது ஞாயிறு இரவு மட்டும் இரண்டு முறை ஓடுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இதோடு ஆட்கள் மாறும் வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள். 2022-ல் பெரிய இந்திய ஐடி நிறுவனங்கள் சிலவற்றில் ஓர் ஆண்டில் வேலையை விட்டுப் போனவர்கள் 20 சதவீதத்தைத் தாண்டினார்கள். ஐந்து பேரில் ஒருவர் என்று வைத்தால், கிளையண்ட் பார்வையில் அவர் காசு கொடுத்துக் கற்றுக்கொடுத்த புரிதல் வருடா வருடம் அந்த அளவுக்குக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளூரிலும் ஆட்கள் விலகத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே போகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார், வருடக்கணக்காகக் காதில் விழுந்த பேச்சிலிருந்தே அவருக்குப் பாதி தெரியும்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆஃப்ஷோர் என்றால் பெரும்பாலும் நடுவில் இன்னொரு நிறுவனம் இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு வருமானம் தலைக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் வருகிறது. பில்லபிள் (கிளையண்டிடம் காசு வாங்கக்கூடிய) ஆட்கள் எத்தனை, வேலை இல்லாமல் பெஞ்சில் எத்தனை என்பதுதான் அவர்கள் தினமும் பார்க்கும் எண். நான் ஒருமுறை, ஒரு ரிப்போர்ட் தொகுப்பை யாருமே திறப்பதில்லை என்று பயன்பாட்டைப் பதிவுசெய்யும் லாகில் பார்த்துக் கண்டுபிடித்தேன். அதைப் பராமரிக்க இரண்டு பேர் முழுநேரமாக இருந்தார்கள். கிளையண்டிடம் சொல்லலாமா என்று கேட்டபோது என் மேலாளர், "அந்த ரெண்டு பேரை எங்க போடறது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அந்த இருவருடைய வேலையைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் அதே விஷயத்தை நிறுவனத்தின் சொந்த ஊழியர் கண்டிருந்தால் அன்று மதியமே போய்ச் சொல்லியிருப்பார், பாராட்டும் வாங்கியிருப்பார். வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்ல ஆள் இருப்பதற்கு ஒரு நிறுவனம் நிறையக் கொடுக்கலாம்.

அப்புறம் ஆன்சைட் போனேன். முதல் வாரமே, நாங்கள் ஆஃப்ஷோரிலிருந்து எழுதி அனுப்பிய கிளெய்ம் திரையைப் பயன்படுத்தும் ஒரு அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. அவர் மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் பன்னிரண்டு குறியீடுகள். எங்கள் டிராப்டவுன் பட்டியலில் எண்பது குறியீடுகள் இருந்தன, அகரவரிசையில். அவர் தினமும் பயன்படுத்துவது அந்தப் பன்னிரண்டு மட்டும். ஒவ்வொரு கிளெய்முக்கும் சீட்டைப் பார்த்து, ஸ்க்ரோல் செய்து, தேடி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக. அது பற்றி ஒரு டிக்கெட்கூட (புகார்ப் பதிவு) வந்ததில்லை, ஏனென்றால் அவருக்கு அது பழுது இல்லை, வேலையின் ஒரு பகுதி. அந்தப் பன்னிரண்டை மேலே கொண்டுவர எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. மறுநாள் அவர் என் மேஜைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருடத்தில் எனக்கு அப்படி ஒன்று நடந்ததே இல்லை. எந்த ஸ்பெக்கிலும் அந்த மஞ்சள் சீட்டு இருந்திருக்காது, பக்கத்தில் உட்காராத யாராலும் அதைக் கேட்டிருக்கவும் முடியாது.

இதுவரை சொன்னது மனிதர்கள் சம்பந்தப்பட்டது. சட்டமும் வரியும் வேறு இருக்கின்றன, தம்பியின் கேள்விக்கு அவையும் பதில்தான், அதிகம் இழுக்காமல் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2017-ல் செய்த வரிச் சட்ட மாற்றம் ஒன்று 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தன் பணத்தில் உருவாக்கித் தானே வைத்துக்கொள்ளும் மென்பொருளின் செலவை ஒரு நிறுவனம் அந்த வருடமே வருமானத்திலிருந்து முழுதாகக் கழிக்க முடியாது என்று ஆனது. உள்நாட்டில் நடந்த வேலை என்றால் 5 ஆண்டுகளில், வெளிநாட்டில் நடந்தது என்றால் 15 ஆண்டுகளில் பிரித்துக் கழிக்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் ஓர் ஆண்டுப் பங்கிலும் பாதிதான் கணக்கு. அதாவது வெளிநாட்டுப் புரோகிராமர்களுக்கு 30 டாலர் செலவழித்தால் முதல் ஆண்டில் 1 டாலர் மட்டுமே செலவாகக் காட்டலாம், மீதி 29 டாலரை அந்த ஆண்டு செலவழிக்கவே இல்லை என்பது போல லாபக் கணக்கு போடப்படும். 2025 ஜூலையில் உள்நாட்டுச் செலவை உடனே கழிக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டுக்கான 15 ஆண்டு அப்படியே இருக்கிறது. கையில் காசு குறைவாக உள்ள சிறிய நிறுவனத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ரிமோட், ஆனால் நாட்டுக்குள் மட்டும் என்பதற்கு நேரடியான காரணம் பெரும்பாலும் சம்பளப் பட்டியல்தான். வேறொரு நாட்டில் ஒரே ஒரு ஊழியரை நேரடியாக வைத்துக்கொண்டாலும் அந்த நாட்டின் வரிப் பிடித்தம், தொழிலாளர் சட்டம், சமூகப் பாதுகாப்பு எல்லாம் பொருந்தும். அந்த ஊழியர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து, நிறுவனத்துக்கே அங்கே நிலையான தொழிலிடம் இருப்பதாகக் கருதி லாபத்தில் வரி கேட்கவும் வழி இருக்கிறது. இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு தங்கள் பெயரில் ஆளை வைத்துச் சம்பளம் போட்டுக் கொடுக்கும் இடைநிலை நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்களுக்கும் கட்டணம் உண்டு. இருபது பேர் உள்ள நிறுவனத்தில் இதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இருக்க மாட்டார். எனவே விளம்பரத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். அதில் தம்பியின் திறமையைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை.

தரவு அடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. சர்வர் ஐரோப்பாவிலேயே இருந்தாலும், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள ஒரு வெண்டர் (ஒப்பந்த நிறுவனம்) திரையில் திறந்து பார்ப்பதையே தரவு வெளியே போனதாக எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ராணுவத் தளவாடம் தொடர்பான தொழில்நுட்ப விவரத்தை அனுமதி இல்லாமல் வெளிநாட்டவர் ஒருவருக்குக் காட்டினாலே அது ஏற்றுமதிக் குற்றம். இதனால் அன்றாடம் என்ன நடக்கும் தெரியுமா? ஆஃப்ஷோருக்கு உண்மையான தரவு வராது, பெயர்களையும் எண்களையும் மாற்றிய தரவுதான் வரும். பெயரின் நடுவில் ஒற்றை மேற்கோள் குறி உள்ள வாடிக்கையாளர்களின் கடிதம் மட்டும் அச்சாகாமல் நின்றது ஒருமுறை. எங்கள் சோதனைத் தரவில் எல்லாருடைய பெயரும் 'டெஸ்ட் டெஸ்ட்'. இரண்டு வாரம் தலையை உடைத்துக்கொண்டோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆஃப்ஷோரே தோல்வி என்று எழுதினால் நான் பொய் சொன்னவன் ஆவேன். 2000-ம் ஆண்டுச் சிக்கலை நினைத்துப் பாருங்கள். பழைய புரோகிராம்களில் 99 என்பது போல எழுதியிருந்த இரண்டு இலக்க ஆண்டை, 2000 பிறந்தால் 00 என்பது 1900 ஆகிவிடாமல் இருக்க, நான்கு இலக்கமாக மாற்ற வேண்டும், கோடிக்கணக்கான வரிகளில். மலை போன்ற வேலை, ஆனால் கேள்வி ஏற்கெனவே தீர்ந்துவிட்ட வேலை. சரியா தவறா என்று தூரத்திலிருந்தே சோதித்துவிடலாம். ஆஃப்ஷோர் அதை அருமையாகச் செய்து முடித்தது, இந்திய மென்பொருள் துறை அதில்தான் உலகக் கண்ணில் பட்டது. பிரச்சினை என்னவென்றால், அந்த வெற்றியைப் பார்த்துவிட்டு, இன்னும் என்ன வேண்டும் என்றே தெரியாத வேலைகளையும் அதே மாதிரி அனுப்பத் தொடங்கினார்கள்.

விஸ்டா ஆய்வின் 'ஆனால்' இங்கேதான் வருகிறது. அமெரிக்கச் சிப் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூருவில் தன் சொந்த மையத்தைத் திறந்தது. இன்று அந்த மாதிரி, பன்னாட்டு நிறுவனங்கள் தாங்களே நடத்தும் மையங்கள் இந்தியாவில் 1,700-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் நன்றாக நடப்பவற்றை நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு பொருளின் முழுப் பொறுப்பும் இருக்கும், புராடக்ட் மேனேஜர் அதே மாடியில் இருப்பார், இதைச் செய்வோம், இதை விடுவோம் என்று முடிவெடுக்க யாரையும் இரவில் எழுப்ப வேண்டியதில்லை. அவர்களைப் பொறுத்தவரை அதுதான் உள்ளூர் வேலை. முடிவெடுப்பவரும் எழுதுபவரும் ஒரே பகலில் விழித்திருக்கிறார்கள். சம்பளமும் அதற்கேற்ப ஏறுகிறது, ஏற வேண்டும்.

இப்போது கோடு எழுதவே ஏஐ வந்துவிட்டது. அதனால் ஆஃப்ஷோர் போகும், உள்ளூரும் போகும் என்று தினமும் யாராவது பயமுறுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏஐயிடம் ஐந்து வேலை நாட்கள் என்று சொன்னால் அதுவும் நொடியில் திங்கள் முதல் வெள்ளி என்று எழுதிக் கொடுத்துவிடும். சனிக்கிழமையைப் பற்றி யாராவது போய்க் கேட்டாக வேண்டும்.

போன வாரம் தம்பி திரும்பக் கூப்பிட்டான். கையில் இரண்டு ஆஃபர், இரண்டுமே இந்தியாவிலிருந்து வேலை செய்வது. ஒன்றில் சம்பளம் கணிசமாக அதிகம். இண்டர்வியூவில் கடைசியாக உனக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்பார்கள், அப்போது, "எனக்கு ஸ்பெக்கில் ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பேன், பதில் எவ்வளவு நேரத்தில் வரும்?" என்று கேள் என அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். கேட்டிருக்கிறான். அதிகச் சம்பளம் தருபவர்கள், எல்லாக் கேள்விகளும் லீட் வழியாக வாரம் இருமுறை நடக்கும் போன் கூட்டத்தில் போகும் என்றார்களாம். இன்னொரு இடத்தில் இண்டர்வியூ எடுத்த பெண்மணி, "என்னிடம்தான் கேட்பீர்கள், நான் உங்களுக்கு மூன்று இருக்கை தள்ளி இருப்பேன்" என்றாராம்.

அவன் அந்த இரண்டாவது இடத்தில் வரும் திங்கள் சேருகிறான்.